பள்ளிக் கதிரைகளுக்கு ஒரு பகைவர்

கல்முனைக் கரையில் உள்ள பிளாஸ்டிக் கதிரைகளுக்கு வாய் இருந்தால், அவை நடுங்கிக்கொண்டு சொல்லக்கூடிய பெயர் ஒன்றுதான்: கதிரை டொக்டர். கடல் எங்கள் கரையை அரிப்பதைவிட வேகமாக அந்த மனிதர் பள்ளிவாசலின் பின்வரிசைக் கதிரைகளை அரித்துக்கொண்டு போனார். மூட்டு வீக்கத்தை அவர் மோப்பம் பிடித்த மாதிரி, ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சியைப் பூனைகூட மோப்பம் பிடித்திருக்காது.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டு வருத்தம் பார்க்கிற அவருடைய அறைக் கதவில் எழுதியும் கிடந்தது. அதை வாசித்தவர்கள் குறைவு. “கதிரை டொக்டர்ட அறை எது?” என்று கேட்டால் வாசல் காவலாளியே எழும்பி வந்து காட்டுவார். இப்போது அவர் மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். அந்த ஊர்க் கதிரைகளை அல்லாஹ் காப்பாற்றட்டும்.

நான் நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்கிறவன். படிப்பு பெரிதாக இல்லை. மூட்டைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் அது மடங்கும், நிமிரும் என்பதுதான். மடங்குவதும் நிமிர்வதும் எவ்வளவு பெரிய அருட்கொடை என்று எனக்கு விளங்க வைத்தவர் அவர்.

முழங்கால் மடிக்க ஏலாதவர் கதிரையில் உட்கார்ந்து தொழலாம் என்று மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. எங்கள் ஒழுங்கைப் பள்ளியில் முதலில் ஒரு கதிரை வந்தது. பிறகு அதற்குத் துணை வந்தது. பிறகு குடும்பம் பெருகி, பின்வரிசை முழுக்க வெள்ளைக் கதிரைகள், கலியாண வீடு மாதிரி. டொக்டர் ஊருக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து எல்லோரும் முன்னால் பார்த்து துஆக் கேட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் பின்னால் திரும்பிக் கதிரைகளைப் பார்த்தார். பசித்தவன் சோற்றுச் சட்டியைப் பார்க்கிற பார்வை. துஆ முடிந்து ஆமீன் சொன்ன கையோடு எழும்பிப் போய், முதல் கதிரையில் இருந்த பெரியவரின் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“காக்கா, எவ்வளவு காலமாக் கதிரையில?”

“வயசு போயிட்டுதானே, தம்பி.”

“வயசு முழங்காலுக்கு மட்டுமா போனது? மத்தப் பக்கமெல்லாம் நிண்டுட்டா?”

பெரியவர் வாயைத் திறக்க முதல் இவருடைய கை முழங்காலைச் சுற்றிப் பிடித்துவிட்டது. மடக்கினார், நீட்டினார், காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார். “இது தேய்மானம். கதிரை உங்கட உரிமை. நல்லா இருங்க” என்றார். அடுத்த கதிரை. “இது தேய்மானமில்ல, வீக்கம். தொட்டா சுடுது. மருந்துக்குக் கேக்கும். திங்கக்கிழமை கிளினிக்குக்கு வாங்க. வராட்டி அடுத்த வெள்ளிக்கிழமை இந்தக் கதிரையில நான்தான் இருப்பன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆள் கிளினிக்குக்குப் போகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வரும்போது கதிரையில் டொக்டர் இருந்தார், கையைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை பிடிவாதத்தோடு. குத்பாப் பிரசங்கம் நடக்கிற நேரம் வாய் திறந்து சண்டை பிடிக்கவும் ஏலாது. அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் இருந்தார். திங்கட்கிழமை கிளினிக் வரிசையில் முதல் ஆள் அவர்தான். சில மாதத்தில் அவர் தரையில் மடங்கித் தொழ, ஒரு கதிரை பள்ளிக் களஞ்சியத்துக்குப் போனது. இப்படித்தான் பெயர் வந்தது.

ஆள் ஒல்லி, நெட்டை. சைக்கிளில்தான் வருவார். சைக்கிள் ஓட்ட மோட்டார் சைக்கிள் ஹெல்மட் போட்டுக்கொண்டு வருகிற மனிதர் என்று நான் பார்த்தது அவரை மட்டும்தான். ஏன் என்று கேட்டேன். “மூட்டு வருத்தம் வந்தா எனக்கு நானே மருந்து எழுதுவன். மண்டை உடைஞ்சா வேறெ டொக்டரட்டத்தானே போகணும். அவங்க சரியாப் பாப்பாங்களோ என்னவோ” என்றார்.

இரும்புக்கடை ஹாஜியாரின் பெருவிரல் கதையைச் சொல்லாமல் விட ஏலாது. ஹாஜியாருக்கு ஒரு விடியலில் கால் பெருவிரல் தக்காளிப்பழம் மாதிரி வீங்கிச் சிவந்துவிட்டது. மின்விசிறிக் காற்றுப் பட்டாலே கத்துகிறார். கடை புதுசாகக் கட்டின பொறாமையில் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று வீட்டில் முடிவு. ஓதி ஊதின தண்ணீரால் விரலைக் கழுவிக்கொண்டிருக்கும்போது டொக்டர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. ஹாஜியார் பள்ளிக்கு வராததே அவருக்குப் போதுமான தகவல்.

“கண்ணூறு, டொக்டர்” என்றார் ஹாஜியார், அழாத குறையாக.

“கண்ணூறு உண்மைதான் ஹாஜியார், நான் மறுக்கல்ல. ஆனா இவ்வளவு பெரிய ஆளையும், இவ்வளவு பெரிய கடையையும் விட்டுட்டு, அது பெருவிரலையா தேடிப் புடிக்கும்?”

ஹாஜியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் விரல் ஆடிக் கத்தினார். இரத்தத்தில் ஒரு உப்புக் கூடி, மூட்டுக்குள்ளே ஊசி ஊசியாகப் படிந்திருக்கிறது என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். இறைச்சியையும் குறைக்க வேண்டும், தந்த மருந்துக் குளிசையையும் விடாமல் போட வேண்டும். “ஓதுறத நிப்பாட்டாதீங்க. குளிசையையும் நிப்பாட்டாதீங்க. ரெண்டுக்கும் சண்டையில்ல” என்றார். ஹாஜியார் அதைக் கடைக்கு வருகிற ஆணி வாங்குகிறவனுக்கெல்லாம் சொன்னார்.

ஆனால் எங்கள் ஊர் ஆண்கள் அவருக்குப் பயந்தது இதற்கெல்லாம் அல்ல. கைலாகுக்குத்தான்.

தொழுகை முடிந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு ஸலாம் சொல்லி, இரண்டு கையாலும் கை கொடுப்பது எங்கள் வழக்கம். எல்லோரும் கொடுப்பார்கள், எடுப்பார்கள். டொக்டர் கொடுப்பார், எடுக்கமாட்டார். உங்கள் கை அவருடைய இரண்டு கைக்குள்ளே போய்விட்டால், அது ஆஸ்பத்திரியில் சேர்ந்த மாதிரி. முகம் சிரித்துக்கொண்டே இருக்கும். உள்ளே பெருவிரல் ஒவ்வொரு விரல் மொளியாக நடந்துபோகும். இலேசாக ஒரு நெரி. நீங்கள் “ஆ” என்றால் முடிந்தது.

“விடிய எழும்பினா விரல் மடங்குதா?”

“கொஞ்ச நேரம் பிடிக்கும்.”

“கொஞ்ச நேரமெண்டா? ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரமா, வெயில் ஏறுற நேரமா?”

பிளேன்ரீ நேரம் என்றால் விட்டுவிடுவார். வெயில் ஏறுகிற நேரம் என்றால் கை திரும்பக் கிடைக்காது. பெயர், வீடு, வாப்பாவுக்கு இருந்ததா, உம்மாவுக்கு இருந்ததா, எல்லாம் சொல்லி முடித்தால்தான் விடுதலை. அதனால் ஸலாம் கொடுத்த உடனே சிலபேர் தெற்கு வாசலால் ஓடுவார்கள். சிலபேர் இரண்டு கையிலும் செருப்பைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். ஒருத்தர் குடையை விரித்துக்கொண்டு பள்ளிக்குள்ளேயே நின்றார். மழையுமில்லை, வெயிலுமில்லை.

என் கையில் ஒன்றுமில்லை. நான் தைரியமாகக் கொடுத்தேன். எனக்கு வந்த வினை என் கையிலிருந்து வரவில்லை, தேங்காயிலிருந்து வந்தது.

ஒரு கலியாண விருந்து. எங்கள் விருந்தில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அதைத்தான் சஹன் என்கிறது. என் சஹனில் எனக்கு எதிரே டொக்டர். மற்றவர்கள் இறைச்சியைப் பார்க்க, இவர் இறைச்சிக்கு வருகிற விரல்களைப் பார்க்கிறார். திடீரென்று என் கையைக் காட்டிக் கேட்டார்:

“காக்கா, அந்த விரல்ல என்ன கீறல்?”

“அது... திருவலை பட்டது.”

“வீட்டுல தேங்கா திருவுறது யாரு?”

சஹனில் ஐந்து கையும் நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் ஆம்பிளை தேங்காய் திருவுகிறான் என்றால் அது ஒரு மாதத்துக்குப் போதுமான கதை. ஆனால் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“நான்தான்.”

“அடப் பாவி!” என்று பக்கத்தில் இருந்த மச்சான் சிரித்தான். “அப்ப வீட்டுல அபாயா உடுக்குறதும் நீதானா?”

எல்லோரும் சிரிக்க, டொக்டர் சிரிக்கவில்லை. வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டில் வைத்துவிட்டார்.

“எவ்வளவு காலமா நீங்க திருவுறீங்க? உங்கட பொஞ்சாதிக்குப் பிடிக்க ஏலாதா? பானை மூடி தூக்குவாவா? துணி பிழியுறது யாரு?”

“அதும் நான்தான்.”

“ரெண்டு கையுமா, ஒரு கையா?”

“ரெண்டு கையும்தான். விடிய நேரம் விரலெல்லாம் கட்டை மாதிரி. அவ ஒருத்தருக்கும் சொல்ல விடுறல்ல.”

“நாளைக்குக் கூட்டிட்டு வாங்க” என்றார். “நாளைக்கு” என்று இன்னொரு தரமும் சொன்னார். அவருடைய குரல் நடுங்கியது. புதையல் கிடைத்தவனுக்கு நடுங்குகிற மாதிரி. இதற்கிடையில் என் பக்கத்து ஈரல் துண்டு மச்சானுடைய வயிற்றுக்குப் போய்விட்டது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

என் மனைவி ரமீஸா கூச்சக்காரி. கிளினிக்கில் இரண்டு கையையும் அபாயாவுக்குள்ளே ஒளித்துக்கொண்டு இருந்தாள். டொக்டர் எழும்பி நின்று சொன்னார்: “மகள், நீங்க சம்மதிச்சா நான் பாக்கிறன். இல்லாட்டி மிஸ்ஸி பாப்பா, நான் தூர நிண்டு கேக்கிறன்.” ரமீஸா தாதியம்மாவைக் காட்டினாள். அந்த மிஸ்ஸி பாண்டிருப்புத் தமிழ்ப் பிள்ளை, நல்ல பொறுமைக்காரி. மிஸ்ஸி விரல் மொளிகளை நெரிக்க, டொக்டர் இந்தப் பக்கத்தில் ஒரு கதிரையின் கைப்பிடியை நெரித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம்! அந்த மொளி! அதுக்குப் பக்கத்தது!” என்று கிரிக்கெட் பார்க்கிறவர் மாதிரிக் கத்தினார்.

“டொக்டர், நீங்க கத்தினா எனக்கு நோகுறது யாருக்கெண்டு தெரியுதில்ல” என்றாள் மிஸ்ஸி.

இரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள். முடிவு வந்த அன்று டொக்டர் எனக்கு விளங்குகிற பாஷையில் சொன்னார்: “காக்கா, வயலுக்கு யானைக் காவல் போடுறீங்கதானே? காவல்காரனுக்கு மூளை பிசகி, யானைக்குக் கொளுத்துற வெடிய உங்கட நெல்லுக்குள்ளயே கொளுத்திப் போட்டா எப்படி? இவட உடம்புக் காவல்காரனுக்கு அதுதான் நடந்திரிக்கி. மூட்டையே எதிரியெண்டு நினைக்கிறான். வெடியப் பறிச்சிட்டா நெல்லு பிழைக்கும்.”

அந்த வெடியைப் பறிக்கிற குளிசை கிழமைக்கு ஒரு தரம்தான் போட வேண்டும். ஒவ்வொரு நாளும் போட்டால் ஆபத்து. மறக்காமல் இருக்க டொக்டர் நாளையும் அவரே குறித்தார்: “ஜும்ஆ உள்ள நாள். வெள்ளிக்கிழமை. வேறெ நாளில்ல.” அடிக்கடி இரத்தமும் சோதிக்கச் சொன்னார். ரமீஸா அதைப் பர்ளான கடமை மாதிரிப் பேணினாள். சில மாதம் போக விரல்கள் மடங்கத் தொடங்கின. ஒரு நாள் நான் வயலால் வரும்போது குசினிக்குள் திருவலைச் சத்தம். நான் வாசலிலேயே நின்று கேட்டேன். எனக்கு அதைவிட நல்ல சத்தம் வேறு தெரியாது.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. கிழமையின் நடுவில் வந்தது. அதற்குப் பிறகு கிளினிக்குக்குப் போனபோது ரமீஸா பெருமையாகச் சொன்னாள்: “டொக்டர், பெருநாளண்டைக்கும் குளிசை போட்டன்.”

டொக்டரின் முகம் வெளுத்தது. “ஏன் மகள்?”

“பெருநாளும் வெள்ளிக்கிழமை மாதிரித்தானே? குளிப்பு இரிக்கி, அத்தர் இரிக்கி, குத்பா இரிக்கி. வெள்ளியவிடப் பெரிய நாள். அதுக்குப் போடாம விட்டா மனசு கேக்குமா?”

மிஸ்ஸி சிரிப்பை அடக்க மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டொக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். உடனே இரத்தம் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்றிலிருந்து அவர் பார்க்கிற ஒவ்வொரு ஆளிடமும் “வெள்ளிக்கிழமை. பெருநாள் வெள்ளிக்கிழமையில்ல. கந்தூரி வெள்ளிக்கிழமையில்ல. உங்கட மகள்ட கலியாணமும் வெள்ளிக்கிழமையில்ல” என்று சொல்லத் தொடங்கினார். பள்ளி ஒலிபெருக்கியில் அறிவிக்கலாமா என்றும் கேட்டார். தலைவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக வேண்டாம் என்றார்.

இனித்தான் என் நெஞ்சு இப்போதும் அடிக்கிற கதை.

ஒரு வெள்ளிக்கிழமை விடிய ரமீஸாவுக்கு எழும்ப ஏலவில்லை. வலது முழங்கால் பூசணிக்காய் மாதிரி. குளிரால் நடுங்குகிறாள், தொட்டால் நெருப்பு. பக்கத்து வளவில் இருக்கிற அவளுடைய ராத்தா, என் பெரிய மதினி, ஓடி வந்து பார்த்தார். “பழைய வாதம்தான் காலுக்கு இறங்கியிரிக்கி. எண்ணெய் போட்டு உருவினாச் சரி” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கை வருத்தம் காலுக்கு வராதா என்ன? இன்றைக்கு வெள்ளிக்கிழமையுமாச்சு, தொழுதுவிட்டு வந்து குளிசையைக் கொடுத்தால் இறங்கிவிடும் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் புறப்பட்டேன். ரமீஸா ஒருநாளும் இல்லாமல் என் சட்டைக் கையைப் பிடித்தாள். “இஞ்சேருங்க, எனக்குக் கால மடிச்சுத் தொழ ஏலாமப் போயிருமா?” என்று மட்டும் கேட்டாள்.

குத்பாவில் என் காதில் ஒரு சொல்லும் ஏறவில்லை. ஸலாம் கொடுத்ததும் சனம் தெற்கு வாசலுக்கு ஓடியது. நான் எதிர்ப்பக்கம் ஓடி டொக்டரின் கையைப் பிடித்தேன். வாழ்க்கையில் முதல் தரம் ஒரு ஆள் அவரைத் தேடிப் போய்க் கை கொடுக்கிறது. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். என் விரல் மொளியை நெரிக்கத் தொடங்கினார். நான் விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

“எனக்கில்ல டொக்டர். ரமீஸாக்கு. முழங்கால் வீங்கிக் கிடக்கு.”

“ஒரு முழங்காலா, ரெண்டுமா?”

“ஒண்டுதான்.”

“சுடுதா?”

“நெருப்பு.”

“காய்ச்சல்?”

“நடுங்குறா.”

டொக்டரின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் என் கையை உதறிவிட்டு ஓடினார். செருப்பு இல்லை. ஹெல்மட் மட்டும் தலையில். சைக்கிளில் ஏறி எங்கள் ஒழுங்கைக்குள் அவர் மிதித்த மிதியில் சங்கிலி கழன்றது. சைக்கிளை வேலியில் எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடினார். பின்னால் நான். என் பின்னால், என்ன நடக்கிறதென்று தெரியாமல் ஜும்ஆவுக்கு வந்த பாதி ஊர்.

சனம் படலையில் நின்றுவிட்டது. உள்ளே மதினி எண்ணெயைச் சுடவைத்துக்கொண்டு வந்து குனிகிறார்.

“தொடாதீங்க!” டொக்டர் போட்ட சத்தத்தில் மதினியின் கையில் இருந்த கிண்ணம் தரையில் விழுந்தது.

“என்ன டொக்டர், உருவினா இறங்கும்தானே?”

“உருவினா ஆள் முடிஞ்சிரும், ராத்தா. இது பழைய வருத்தமில்ல, புது வருத்தம். உள்ளுக்குள்ள கிருமி போயிருக்கெண்டு நினைக்கிறன். மகள், கிட்டடியில எங்கயாவது காயம்?”

ரமீஸா விரலைக் காட்டினாள். “மீன் கழுவக்குள்ள முள்ளு குத்தினது. புண் இன்னும் ஆறல்ல.”

டொக்டர் தலையை ஆட்டினார். நான் குளிசைப் பெட்டியைத் திறந்துகொண்டு நின்றேன். அவர் பறித்துத் தன்னுடைய பொக்கற்றில் போட்டார்.

“இண்டைக்கு இது வேணாம்.”

“இண்டைக்கு வெள்ளிக்கிழமைதானே, டொக்டர்!”

“வெள்ளிக்கிழமைதான். வேணாம். கிருமி வந்திருக்கிற நேரம் காவல்காரன்ட வெடியப் பறிக்கவா? இப்பத்தான் அவன் சுட வேணும்.”

“இவ்வளவு நாளும் வெள்ளி, வெள்ளியெண்டு உயிர வாங்கின மனிசன்!” என்றார் மதினி, சிந்தின எண்ணெயைத் துடைத்துக்கொண்டு.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் முன்னால், ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு, ஹெல்மட்டோடு, “ஹோன் அடி! ஹோன் அடி!” என்று வந்தார். ஓட்டுகிறவர் அடித்துக்கொண்டுதான் இருந்தார்.

அங்கே முழங்காலுக்குள் ஊசி போட்டுத் தண்ணீர் எடுக்க வேண்டும் என்றார்கள். ரமீஸா கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். முழங்காலில் தண்ணீர் எடுத்தால் கால் விறைத்துப்போகும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை. அவளுக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை. “நெத்திய நிலத்துல வைக்க ஏலாமப் போனா நான் எப்படித் தொழுவன்?” என்பதுதான் அழுகை.  எனக்கும் அதே பயம்.

டொக்டர் கட்டிலின் பக்கத்தில் குந்தினார். அன்றுதான் அவர் மெல்லமாகக் கதைத்து நான் கேட்டது.

“மகள், ஒரு மூட்டு மட்டும் சூடா வீங்கி, கூடவே காய்ச்சலும் வந்தா, அது கிருமியில்லையெண்டு தெரியிற வரைக்கும் நான் கிருமியெண்டுதான் நினைப்பன். அத எனக்குச் சொல்லக்கூடியது அந்தத் தண்ணி மட்டும்தான். எடுத்தாக் கால் போகாது. எடுக்காம விட்டாத்தான் கிருமி மூட்டத் திண்டுரும். உங்கட நெத்தி நிலத்துல படணும் எண்டுதான் நான் இந்த ஊசியத் தூக்குறன்.”

ரமீஸா கண்ணை மூடிக்கொண்டு பிஸ்மில்லாஹ் சொன்னாள். மிஸ்ஸி அவளுடைய தலையைத் தன் இடுப்போடு அணைத்துப் பிடித்தாள். ஊசி போனது. உள்ளே இருந்த தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் மாதிரிக் கலங்கலாக, மஞ்சளாக வந்தது. டொக்டர் அதை யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “பாருங்க! பாருங்க! கலங்கல்! கலங்கல்!” என்று துள்ளினார். கோமாரிக் கடலில் பெரிய மீன் பட்டவன்கூட இப்படித் துள்ளமாட்டான். வாட்டில் கிடந்த நோயாளிகள் எல்லோரும் எழும்பி இருந்து பார்த்தார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. “மன்னிச்சிருங்க காக்கா. வருத்தத்துக்குச் சந்தோஷப்படல்ல. நேரத்துக்கு வந்து சேந்ததுக்கு” என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

அன்று பின்னேரமே சத்திரசிகிச்சை டொக்டர் மூட்டைக் கழுவிச் சுத்தப்படுத்தினார். பிறகு கிழமைக் கணக்கில் நரம்பால் மருந்து ஏறியது. அந்தக் கிழமைகளில் எங்கள் மனிதர் லீவு நாளிலும் வந்தார். தண்ணீரில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கிற சோதனைக்கூட யன்னலில் போய் நின்று, “முளைச்சிட்டா? முளைச்சிட்டா?” என்று கேட்பார். “டொக்டர், இது நெல்லில்ல, நீங்க பாத்தா வேகமா முளைக்க” என்று உள்ளேயிருந்து ஒருநாள் பதில் வந்தது. முளைத்தது. எந்தக் கிருமி என்று தெரிந்ததும் அதற்குப் பொருத்தமான மருந்தாக மாற்றினார். மறுநாள் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. வீக்கம் பின்னால் இறங்கியது.

அதற்குப் பிறகு முழங்காலை மடக்கிப் பழக்குகிற வேலை. ரமீஸா நோகுது என்பாள். டொக்டர் திரைக்கு வெளியே நின்றுகொண்டு, “ஸுப்ஹானல்லாஹ் சொல்லி ஒரு மடக்கு, அல்ஹம்துலில்லாஹ் சொல்லி ஒரு நீட்டு” என்பார். திரைக்கு உள்ளே மிஸ்ஸியும் சேர்ந்து சொல்லுவாள். அந்தப் பிள்ளை நெற்றியில் விபூதியோடு அல்ஹம்துலில்லாஹ் சொன்னதைக் கேட்டு நான் அடக்க ஏலாமல் அழுத நாளும் உண்டு.

ஒரு பின்னேரம் நான் வாட்டுக்குள் போகிறேன். கட்டிலில் ரமீஸா இல்லை. நான் வெளியே ஓடத் திரும்பினேன். “அவசரப்படாதீங்க, அங்கால பாருங்க” என்று மிஸ்ஸி கட்டிலுக்கு மற்றப் பக்கத்தைக் காட்டினாள். நிலத்தில் தொழுகிற முஸல்லாப் பாய் விரித்திருந்தது. ரமீஸா அதில் நின்று, ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து, மெல்ல மெல்லக் குனிந்தாள். முழங்கால் மடங்கியது. பிறகு கையை விட்டாள். நெற்றி நிலத்தில் பட்டது. எழும்ப மனமில்லாமல் வெகு நேரம் அப்படியே கிடந்தாள்.

திரும்பிப் பார்த்தால் வாசலில் டொக்டர். துள்ளவில்லை, கத்தவில்லை. கையைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்து, “காக்கா, அஸர் தொழுதிட்டீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். இரண்டு பேரும் ஆஸ்பத்திரியின் சின்னத் தொழுகை அறைக்குப் போனோம்.

பக்கத்தில் பக்கத்தில் நின்று தொழுதோம். ஸலாம் கொடுத்துவிட்டு நான் அவருக்குக் கை நீட்டினேன். அவர் நீட்டவில்லை. இருந்தபடியே அவருடைய தலை மெல்லச் சரிந்து என் தோளில் வந்து சாய்ந்தது. இத்தனை நாள் வாட்டுக்கும் சோதனைக்கூடத்துக்கும் ஓடின மனிதர், குழந்தைப் பிள்ளை மாதிரி வாய் திறந்து நித்திரை. தொழ வந்தவர்கள் தொழுதுவிட்டுப் போனார்கள். அறையைப் பார்க்கிறவர் மின்விசிறியை நிறுத்த வந்தார். வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். நான் தோளை அசைக்கவில்லை.